அசனத்துக்கு ஒரு கிடாய்

எஸ்தர்ராணி பட்டிக்குள் இறங்கி ஒவ்வொரு கிடாயாக முதுகெலும்பை அமுக்கிப் பார்த்தாள். ரஷ்யாவில் இருக்கும் மகன் கிங்ஸ்டனுக்காகக் ஊருக்கே சோறு போடும் கோயில் அசனத்துக்கு நேர்ந்துகொண்ட கிடாய். எந்த வருஷமும் அசனக் கிடாய் கோகுலகிருஷ்ணன் வீட்டுப் பட்டியிலிருந்துதான் போகும். இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப் போன பிறகும் அது மாறவில்லை. அவள் புருஷன் சாமுவேல்ராஜ் மட்டும் உள்ளே வராமல் ரோட்டில் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார்.

மாஸ்கோவில் பாக்கிங் வேலை என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி கிங்ஸ்டனும் அவன் கூட்டாளி கோகுலும் சேர்ந்துதான் கிளம்புவதாக இருந்தது. கோகுலின் அம்மா செண்பகவல்லி அவன் பாஸ்போர்ட்டைப் பருத்தி விதை மூட்டைக்குள் ஒளித்துவிட்டாள். "எம் பிள்ளைய ஒத்தையில அனுப்பிட்டீங்களே" என்று சாமுவேல்ராஜ் நடுத்தெருவில் கத்தியதோடு பேச்சு நின்றது. மூன்றாம் மாதம் கிங்ஸ்டனைப் பட்டாளத்தில் தள்ளி, கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். எவனோ எவனோடோ போடுகிற சண்டை. கோவில்பட்டிக்காரனுக்கு அங்கே என்ன வேலை?

வீட்டுக்குப் பேசினால், சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரிப்பதாகச் சொல்வான். கோகுலுக்குத்தான் உண்மை வரும். "ஏலே, நாளைக்கு முன்னால போகச் சொல்லுதாங்க. வீட்ல சொல்லீராத, சத்தியம்." அதற்குப் பிறகு ஒன்பது நாளாக ஒன்றும் இல்லை. பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டால், அவனை மீட்டுத் தரச் சொல்லிக் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். மனுவை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சத்தியத்தைக் காப்பதா கூட்டாளியைக் காப்பதா என்று தெரியாமல் கோகுல் பட்டிக்குள் அவள் பின்னாலேயே சுற்றினான்.

கடைசியில் நீட்டிவிட்டான்.

"சித்தி, அவன் சமையல்கட்டுல இல்ல."

எஸ்தர்ராணி அதை வாங்கவில்லை. கிடாயின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"தெரியும்டே. கிழங்கு உரிக்கேங்கான், பின்னால குண்டு வெடிக்குது."

"சித்தப்பாவுக்கு?"

"அவியளுக்கும் தெரியும். சண்டைச் செய்தி வந்தா டிவிய அமத்திட்டு வெளிய போயிருதாவ. ரெண்டு பேரும் தெரியாத மாதிரியே இருக்கோம். கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு விசாரிக்க வருவாவ. வாய்விட்டுச் சொல்லணும். சொல்லிட்டு அந்த வீட்டுக்குள்ள நாங்க எப்படிடே இருக்கது?"

ரோட்டிலிருந்து ஹாரன் இரண்டு தரம் அடித்தது.

"இந்தா வாரேன்" என்றாள்.

கோகுல் கிடாயைத் தூக்கி வந்து, பைக்கில் ஏறிய அவள் மடியில் வைத்தான். சாமுவேல்ராஜ் திரும்பவில்லை.

"பிள்ள சௌக்கியமா இருக்கானாம்" என்றாள், புருஷனின் முதுகைப் பார்த்து.

"ஸ்தோத்திரம்" என்றார் அவர்.

பைக் கிளம்பியது. கிடாய் விடாமல் கத்தியது. இருவரும் நேராகப் பார்த்தபடியே போனார்கள்.