திருமூர்த்திக் கவுண்டர் வீட்டு ஊதா ஒட்டகம்

1956ஆம் வருஷம் தை மாசம், பருத்தி விலை சரிந்த அதே வாரத்தில், சிங்காநல்லூர் திருமூர்த்திக் கவுண்டர் வீட்டுக்கு ஓர் ஊதா ஒட்டகம் சினிமாத் திரையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தது. தப்பு கவுண்டருடையதுதான். மகன் வயிற்றுப் பேத்தி சாந்தாமணிக்கு அப்போது ஆறு வயசு. நச்சரித்து நச்சரித்து அவரைக் கோயமுத்தூர்க் கொட்டகைக்கு இழுத்துப்போனாள். ஆளுக்குப் பதில் வரைந்த பொம்மைகளே ஆடுகிற பிள்ளைகள் படம். கவுண்டர் அதுவரை சினிமாவே பார்த்ததில்லை. படத்தில் ஒரு கதவைத் திறந்துகொண்டு ஒட்டகம் நேரே அவரைப் பார்த்து நடந்து வந்தது. வாசலுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று வரவேற்றுக் கேட்காமல் விட்டால் அந்தச் சீமையில் சம்பந்தமே முறிந்துபோகும். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம் சும்மா இருக்குமா? கவுண்டர் பாதி எழுந்து, “வாங்க, வாங்க” என்று கேட்டுவிட்டார். கேட்ட மரியாதைக்கு அது வந்துவிட்டது.

ஒட்டகத்துக்குப் பருமன் கிடையாது. பக்கம் மாறி நின்று பார்த்தால் வெறும் கோடு. பஸ்ஸில் கண்டக்டர் அதைச் சுருட்டி மேலே வைக்கச் சொன்னார். தின்னாது, சாணி போடாது, ஆகவே வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை, கவுண்டர் ஒருவரைத் தவிர. அதுவரை அவர் கையால் உருட்டிக் கொடுத்தால்தான் சாந்தாமணி சோறு தின்பாள், அவர் தோளில்தான் தூங்குவாள். இப்போது விழித்ததும் ஒட்டகம், விழுந்து அடிபட்டால் ஒட்டகம். கவுண்டருக்கு வயிறு எரிந்தது.

“அம்மணி, அப்பாருகூடத் தோட்டத்துக்கு வாறயா? எளநி வெட்டித் தாரேன்,” என்று பேத்தியைக் கூப்பிட்டுப் பார்த்தார் தாத்தா.

“ஒட்டகத்தாரும் வந்தா வாரனுங்க அப்பாரு.”

“பாத்தயா, நான் தூக்கி வளத்துன புள்ளை!” என்று மனைவி கருப்பாத்தாளிடம் பொருமினார்.

“ஏனுங்க, அதை வாங்கன்னு கேட்டது யாருங்க?” என்றாள் அவள்.

கேட்டு அழைத்தவரைப் போகச் சொல்ல வாய் வருமா? விருந்து என்று சாக்குச் சொல்லி அதை மதுக்கரையில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். சாந்தாமணி அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். காய்ச்சல் அனலாய் அடித்தது. கவுண்டர் மதுக்கரைக்கு ஓடினார். அந்த ஊர்ச் சிமெண்டு ஆலைத் தூசி அப்பிக் கிடந்த ஒட்டகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிள்ளை எழுந்து அதைத்தான் கட்டிக்கொண்டாள், தூக்கி வந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கவுண்டர் சாப்பிடவில்லை.

வருஷங்கள் போயின. கவுண்டருக்கு நரைத்தது, ஒட்டகம் வெளுத்தது, அவர் பொறாமை மட்டும் அப்படியே இருந்தது. 1968இல் சாந்தாமணியைக் கருமத்தம்பட்டியில் தறி வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புறப்படும்போது ஒட்டகமும் கார்ப் பக்கம் போய் நின்றது. அவள் அதன் கழுத்தைத் தடவி, “நீங்க அப்பாருகூட இருந்துக்கங்க” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் என்னவோ சொன்னான், அவள் சிரித்தாள், கார் போய்விட்டது.

ஒட்டகத்தை விட்டுவிட்டுப் போனதில் கவுண்டருக்கு முதலில் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்தது. திரும்பி அதன் முகத்தைப் பார்த்தார். அதற்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

“பையன் பரவாயில்லீங்க,” என்றார் கவுண்டர் அதனிடம். “காதுதான் கொஞ்சம் பெருசு.”

ஒட்டகம் ஆமாம் என்று தலையாட்டியது. அதுமுதல் இரண்டு பேரும் சேர்ந்தே தோட்டத்துக்குப் போய்வந்தார்கள். ஊரில் யாரும் அதை ஒரு சேதியாகப் பேசவில்லை.