முழு விலைக்கு ஒரு ரோஜா

அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் 'பாதிவிலை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறொன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது மின்கட்டண ரசீதோடு சரி. வருடா வருடம் குடியிருப்புச் சங்கம் நடத்தும் செடி விற்பனையில், நாலு மணிக்கு மேல் எல்லாமே பாதி விலை. இவள் மூன்றே முக்காலுக்கு வருவாள். வேண்டிய தொட்டிகளை ஒவ்வொன்றாக மேசைக்கு அடியில் காலாலேயே தள்ளி ஒளித்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் நிற்பாள். நாலு அடித்ததும் அந்தப் பாதி விலையிலும் பாதி கேட்பாள். பெயர் வராமல் என்ன செய்யும்?

அப்பேர்ப்பட்டவள் இந்த வருடம் காலை பதினோரு மணிக்கே வந்து நின்றாள்.

கார்களை வெளியே எடுத்துவிட்டு, கார் நிறுத்தும் கொட்டகையில்தான் மேசை போட்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் மைக்கை இறக்கிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா இது? வீட்டுக் கடிகாரம் ஏதும் நின்னு போச்சா?"

நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். மற்ற நாளாக இருந்தால் திருப்பி நாலு வார்த்தை கொடுத்திருப்பாள். அன்றைக்குக் கண் முழுக்க மூன்றாவது மேசை மேல் இருந்தது. அங்கே அவளுடைய அக்கா, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ரோஜாப் பதியன்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். தங்கைக்காரிக்கு வயிற்றில் ஒரு கட்டி. வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். "திறந்து பார்த்தாத்தான் எதையும் சொல்ல முடியும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் அச்சடித்த சம்மதப் பாரம் கொடுத்த குமாஸ்தா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "சொந்தக்காரங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும். முடியற வரைக்கும் வெளியில உட்கார்ந்திருக்கணும். கூட வேலை செய்யறவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் ஆகாது." சொந்தத்துக்கு அவள் எங்கே போவாள்? கட்டினவன் மூன்றாம் வருடமே வேறு குடித்தனம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். பிள்ளை குட்டி கிடையாது. இருப்பது ஒரே ஒரு அக்கா. அதுவும் அடுத்த பிளாக்கில், கூப்பிடு தூரத்தில். ஆனால் அந்த அக்கா அவளோடு பேசி இரண்டு வருடம் ஆயிற்று.

ஏன் பேச்சு நின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் பக்கம் நின்று பேசவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் செய்த காரியம் அப்படி.

அவளுக்கு ஒரு துணிக்கடையில் வேலை. வாங்கின துணியைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்களுக்கு மாற்றித் தரும் மேசை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பொய் கேட்கிற உத்தியோகம் அது. இரண்டு தரம் போட்டு, வேர்வைக் கறையோடு கொண்டு வந்த சட்டையை, "பிரிக்கவே இல்லம்மா" என்பார்கள். கூடவே ஒரு கதை வரும். பிள்ளைக்கு ஜுரம், மாமியார் விழுந்துட்டாங்க, அதான் வர நாளாச்சு என்று. கதை சொல்கிறவனுக்குத் துணி மாறும். சும்மா நிற்கிறவனுக்கு மாறாது. அவளே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. வெளியே கடைகண்ணிக்குப் போகும்போது அவளும் அளந்து விட ஆரம்பித்தாள். பழக்கடையில் அவளுக்குச் சர்க்கரை வியாதி, பாத்திரக்கடையில் மூட்டுவலி. இதே செடி விற்பனையில் ஒரு வருடம் சிறுநீரகக் கல் என்று சொல்லி, ஒரு கற்றாழை விலைக்கு இரண்டு கற்றாழை வாங்கினாள். இன்னொரு வருடம் யாருடைய மருந்துச் சீட்டையோ காட்டிக் கண் ஆபரேஷன் என்றாள். ஒரு வியாதியும் அவள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அப்படித்தான் ஒருநாள் கட்டில் கடைக்குப் போனாள். கடைக்காரர் அசையவில்லை. கடைசியில், கொஞ்சமும் கூசாமல், "அக்கா வீட்டுக்காரர் போன வாரம் போயிட்டாருங்க. பாவம், அவ சோறு தண்ணி இல்லாம தரையில படுத்துக் கிடக்கா. அவளுக்குத்தான் கட்டில்" என்று சொல்லிவிட்டாள். மனுஷன் உருகிப்போய் விலையில் கால்வாசி குறைத்தார். கட்டில் இவள் வீட்டுக்கு வந்தது. பேரம் பலித்த குஷியில் அன்றைக்குக் கட்டிலில் உருண்டு உருண்டு படுத்தாள்.

கடைக்காரர் நல்லவர். நல்லவர்களால் வருகிற தொல்லை கொஞ்ச நஞ்சமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைத்துக்கொண்டு, விலாசம் விசாரித்து, அக்கா வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்துவிட்டார். கதவைத் திறந்தது அத்தான். வாயில் பல்தேய்க்கும் பிரஷ். வந்தவர் விவரம் புரியாமல் அக்காவைத் தேடிப் பிடித்து, "தரையில படுத்துக் கிடக்கறீங்கன்னு சொன்னாங்கம்மா, மனசே ஆறல" என்று கண் கலங்கினார். அன்றைக்கு ஊரே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் அத்தான்தான். "என்னை எவ்வளவுக்குடி வித்தே?" என்று பார்க்கும் போதெல்லாம் கேட்பார்.

நாலாவது மாதம் அத்தான் குளியலறையில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

வாசலில் ஆள் கூடி நின்றிருக்க, உள்ளே நுழையப்போனவளை அக்கா நிலையிலேயே தடுத்தாள். "நீதான் அன்னிக்கே சாகடிச்சிட்டியேடி. இப்ப எதுக்கு வந்தே?" அவ்வளவுதான். அதோடு சரி.

பாரம் வாங்கி வந்த இந்த நாலு நாளில் அக்கா வீட்டு அழைப்பு மணியை மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டாள். உள்ளே செருப்புச் சத்தம் வரும், கதவில் ஆள் பார்க்க வைத்த ஓட்டை இருளும், பிறகு செருப்புச் சத்தம் திரும்பிப் போகும். போன் போட்டால் முதல் மணியிலேயே துண்டிப்பு. விற்கிற மேசைக்குத்தான் கதவு கிடையாது. காசு கொடுத்து வாங்க வந்தவளைப் போ என்று சொல்ல முடியாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் பதினோரு மணிக்கே வந்தாள்.

சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். "வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். நீ வரணும்." மொத்தம் ஐந்து சொல். கூட ஒன்று சேர்க்கக்கூடாது என்று தனக்குத்தானே ஆணையிட்டுக்கொண்டாள். பேரம் பேசக்கூடாது, கேட்ட விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்றும்.

முறை வந்தது. கைக்கு எட்டிய ரோஜாத் தொட்டி ஒன்றைத் தொட்டாள். மஞ்சளா சிவப்பா என்றுகூடப் பார்க்கவில்லை.

"எண்பது," என்றாள் அக்கா, செடியைப் பார்த்து.

எண்பதை எடுத்து மேசை மேல் வைத்தாள். பின்னால் நின்ற தையல்காரப் பெண்மணிக்கு மூச்சே நின்றுவிட்டது. அக்கா பணத்தைத் தொடாமல், தொட்டிக்குச் செய்தித்தாள் சுற்ற ஆரம்பித்தாள்.

"அக்கா. வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். நீ வரணும்."

சொல்லிவிட்டாள். சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல். செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். இளைத்த கன்னத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்தாள்.

"என்ன ஆபரேஷன்?"

கோபமில்லாத குரல். சின்ன வயதில் முட்டியில் அடிபட்டு வந்தால் கேட்கிற குரல். வயிற்றில் கட்டி என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். பாரத்தை எடுத்து நீட்டியிருக்கலாம். எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகையோடு பயமும் வந்தது. இது போதாதோ, அக்கா மனம் மாறிவிடுவாளோ என்ற பயம். நாக்கு அதன் பாட்டுக்குக் கிளம்பிவிட்டது.

"நாலு நாளா சோறு தண்ணி இறங்கலக்கா. தரையில படுத்துக் கிடக்கேன்."

காலையில்தான் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டிருந்தாள். படுத்ததும் அந்தக் கட்டிலில்தான். வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் அது யாருடைய வார்த்தை, எந்தக் கடையில் விற்ற வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. அடிப்பாவி, அதையா சொன்னேன் என்று நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டாள்.

அக்காவின் முகம் மூடிக்கொண்டது. கண்ணாடி மறுபடி நெற்றிக்குப் போயிற்று.

"எவ்வளவு குறைக்கணும்?"

"அக்கா?"

"எவ்வளவு குறைக்கணும், அதை மட்டும் சொல்லு. அதுக்கு எதுக்கு இவ்வளவு சுத்தறே?"

"குறைக்க வேண்டாங்கா. எண்பதும் வச்சிருக்கேனே, பாரு."

"அக்கா, ஏமாந்துடாதீங்க!" என்றாள் தையல்காரப் பெண்மணி பின்னாலிருந்து. "இது புதுசா கண்டுபிடிச்சிருக்கிற டெக்னிக்கு. முழுசாக் குடுக்கிற மாதிரிக் குடுத்து நாலு செடியாத் தூக்கப் போறாங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் கைப்பையைத் திறந்து ஆஸ்பத்திரிப் பாரத்தை வெளியே எடுத்தாள். மடிப்பைப் பிரிக்காமலே மேசை மேல் வைத்தாள்.

"இத பாரு. சத்தியமா. உன் மேல சத்தியம்."

"என் மேல எதுக்குச் சத்தியம் பண்றே? நானும் போய்ச் சேரணுமா?" அக்கா பாரத்தைப் பார்க்கவே இல்லை, விரல் நுனியால் ஒதுக்கிவிட்டாள். "கண் ஆபரேஷனுக்கும் சீட்டுக் காட்டினவதானே நீ. எழுபது குடு."

"எண்பது எடுத்துக்கோ அக்கா."

"அறுபது."

"வேண்டாங்கா, தயவு செஞ்சு எண்பது எடுத்துக்கோ!"

விற்கிறவள் இறங்கிக்கொண்டே போக, வாங்குகிறவள் அழுதுகொண்டே ஏற்றிப் பிடிக்கும் வியாபாரத்தை அந்தக் கொட்டகை அதுவரை கண்டதில்லை. பக்கத்து மேசைக்காரர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவள் அழுகையை ஒருவரும் சந்தேகப்படவில்லை. நன்றாக அழுகிறாள் என்று மெச்சினார்கள். என்ன சொன்னாலும் தப்பாகப் போயிற்று. சும்மா நின்றாலும் தப்பாகப் போயிற்று.

"நாற்பது," என்றாள் அக்கா. மேசை மேல் கிடந்த எண்பதிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டு, மீதியை அவள் பக்கம் தள்ளினாள். "போதுமா? இதுக்குத்தானே வந்தே? எடுத்துட்டுப் போ. பின்னால ஆள் நிக்குது."

அவள் கை நீண்டு அந்த நாற்பதை வாங்கிக்கொண்டது. வாங்காதே என்று அவள் சொல்லியும் கை கேட்கவில்லை.

செயலாளர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "அன்பான குடியிருப்புவாசிகளே! நம்ம பாதிவிலை அம்மா, பதினோரு மணிக்கே பாதி விலைக்கு வாங்கிச் சாதனை படைச்சிட்டாங்க!" கைதட்டல் கொட்டகைக் கூரையில் மோதித் திரும்பியது. அக்கா அடுத்த ஆளுக்குச் செடி எடுக்கக் குனிந்துவிட்டாள். தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கூட்டம் விலகி வழிவிட, அவள் வெளியே நடந்தாள்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். உடுப்பை மாற்றி, முதுகுப்பக்கம் முடிச்சுப் போடும் பச்சைச் சட்டையை மாட்டி, மூன்றாவது மாடி வராந்தாவில் உட்கார வைத்தார்கள். பட்டியலில் அவள் மூன்றாவது. முதல் ஆளோடு மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். இரண்டாவது ஆளோடு ஒரு வீடே வந்திருந்தது.

நர்ஸ் பாரத்தைப் புரட்டிப் பார்த்தாள். சின்னப் பெண். "அம்மா, இங்க கையெழுத்து இல்லையே. கூட யார் வந்திருக்காங்க?"

யாரும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எங்க அக்கா வந்துட்டே இருக்காங்க," என்றாள். "பஸ் ஏறிட்டாங்களாம். இப்பத்தான் போன் பண்ணாங்க."

நர்ஸ் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. "சரிம்மா. வந்ததும் கூப்பிடுங்க. கையெழுத்தில்லாம உள்ள விட மாட்டாங்க."

முதல் ஆளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அரை மணி கழித்து நர்ஸ் மறுபடி வந்தாள். "எங்க வராங்களாம்?"

"சிக்னல்ல நிக்குதாம் பஸ். பச்சைப் புடவை கட்டியிருப்பாங்க, மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் பருமனா இருப்பாங்க. மாடிப்படி ஏற மாட்டாங்க, மூட்டுவலி. லிஃப்ட்லதான் வருவாங்க. வந்தா என்னைத் தேடவிடாம உள்ள அனுப்பிடும்மா."

"அனுப்பறேன் அனுப்பறேன். நீங்க பயப்படாதீங்க. அக்கா வந்துடுவாங்க," என்று நர்ஸ் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். இரண்டாவது ஆளையும் தள்ளிக்கொண்டு போனார்கள். வராந்தாவின் கோடியில் லிஃப்ட் மணி அடித்தது. கதவு திறப்பதற்குள் அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள்.