நடுவில் நின்ற முள்

மாடனின் வலது கண் ஏழரை ரூபாய்க்கு விலை போனது. பத்து ரூபாய் சொன்ன சரக்கு. பேரம் பேசி இறக்கியது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அது கண் என்று அப்போது தெரியாது. காரில் இருக்கும் ஒரு முள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அறுபத்தோராம் வருஷம், ஆனி மாதச் சாரல். தென்காசியில் மளிகை மொத்த வியாபாரம் செய்த நாறும்பூநாதனிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிப்போகும் வாடகை வண்டி. டிரைவர் மாடன். கொஞ்ச நாளாக, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அடிக்கடி சிவப்புக் கோட்டைத் தொட்டது. தொட்டதும் மாடன் வண்டியை மரத்தடியில் ஒதுக்கி, முள் இறங்கும்வரை பீடி பிடிப்பான். இறங்கிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் விடுவான். அதற்குள் சவாரிக்காரர்கள் குதிரைவண்டிக்கு மாறிவிடுவார்கள்.

"இந்தக் குளிர்ல நமக்கே பல்லு தந்தியடிக்கு. எஞ்சின் எப்படிலே கொதிக்கும்? முள்ளுக்குத்தான் கிறுக்கு" என்று தீர்ப்புச் சொன்ன நாறும்பூநாதன், வண்டியை மெக்கானிக் ஏசுவடியானிடம் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி, தானும் கூடவே போய், மாடனைச் சாப்பிட அனுப்பினார்.

ஏசுவடியான் மீட்டரை, அதன் ஒல்லிக் குழாயோடும் நுனியில் இருந்த, சூட்டை உணரும் குமிழோடும் கழற்றினான். பக்கத்து டீக்கடைக்குப் போய், கொதிக்கிற வெந்நீரில் குமிழை முக்கினான்.

"ஏலே, எதைக் கொண்டாந்து போடுதே?" என்று கடைக்காரர் கரண்டியை ஓங்கினார்.

"சும்மா இரும்வே. இதுனாலயாவது உம்ம டீக்கு ருசி வரட்டும்."

முள் விறுவிறுவென்று சிவப்புக்கு ஏறியது. வாளித் தண்ணீரில் போட்டதும் இறங்கியது.

"அண்ணாச்சி, முள்ளு யோக்கியன். எஞ்சின்தான் கொதிக்கு. மாடன் எங்கன தண்ணி புடிக்கான்?"

"அருவிக்குக் கீழ, ஓடையிலதான்."

"அதுல பாதி எண்ணெய், பாதி சீயக்காய். ஊரு பூரா தேய்ச்சுக் குளிச்ச அழுக்கை ஒங்க ரேடியேட்டர் குடிச்சிருக்கு. உள்ள பூரா பிசினா அடைச்சுக் கெடக்கும். கழத்திச் சுத்தம் பண்ணணும். மூணு நாளாவும்."

"மூணு நாளா? இன்னைக்குச் சாயந்தரம் வாசுதேவநல்லூர் அய்யாக்குட்டி வண்டியை வெலைக்குப் பாக்க வாராரு. முள்ளு செவப்புல நின்னா வெலையில ஆயிரம் ரூவாயைக் கொறைச்சிருவாருலே." நாறும்பூநாதன் குரலைத் தாழ்த்தினார். "என் கடைத் தராசு முள்ளு நான் சொன்ன எடத்துல நிக்கு. அதைச் செஞ்சு குடுத்தது நீதானே? இதையும் நடுவுல நிப்பாட்டு."

"பத்து ரூவா."

"ஒரு பொய்க்குப் பத்தா? அஞ்சு."

"உண்மையைச் சும்மாத்தானே அண்ணாச்சி சொன்னேன்? பொய்க்குத்தான் வேலை ஜாஸ்தி."

ஏழரையில் முடிந்தது. ஏசுவடியான் மீட்டரின் கண்ணாடியைக் கழற்றி, முள்ளின் பின்னால் ஒரு பொட்டு அரக்கு வைத்தான். முள் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்தது.

"மீட்டரை ரிப்பேரு பாத்தாச்சுலே. இனிமே முள்ளு சொல்லுததை நம்பு" என்றார் நாறும்பூநாதன், திரும்பி வந்த மாடனிடம்.

நம்பினான்.

சாயந்தரம், ஐந்தருவிக்குப் போகும் ஏற்றம். மாடன் பக்கத்தில் நாறும்பூநாதன், பின்சீட்டில் அய்யாக்குட்டி. விலை மூவாயிரத்து எண்ணூறில் படிந்து, அய்யாக்குட்டி அட்வான்ஸ் பணத்தை மடியிலிருந்து எடுத்து எண்ணிக்கொண்டிருந்தார். எஞ்சின் பக்கம் வெள்ளையாகப் புகைந்தது. சாரல் என்றே அவரும் மாடனும் நினைத்துக்கொண்டார்கள். வண்டி இருமிவிட்டு நின்றது.

"என்னவே, மூச்சு வாங்குது?" என்றார் அய்யாக்குட்டி.

மாடன் முள்ளைப் பார்த்தான். "சூடெல்லாம் இல்ல அண்ணாச்சி. தண்ணி கொறைஞ்சிருக்கும். இந்தா பாத்துருதேன்." இறங்கி, முன்மூடியைத் தூக்கி, துண்டை மடித்து ரேடியேட்டர் மூடிமேல் வைத்தான்.

நாறும்பூநாதனுக்குத் தெரியும். 'தொறக்காதலே!' என்ற சொல் தொண்டைவரை வந்தது. சொன்னால், ஏன் என்று பின்சீட்டிலிருந்து கேள்வி வரும். அங்கே நோட்டுகள் சரசரத்துக்கொண்டிருந்தன. அவர் எச்சிலை விழுங்கினார். சொல்லும் கூடவே இறங்கிவிட்டது.

மூடி பறந்தது. அருவிச் சத்தத்தைத் தாண்டி அந்த அலறல் கேட்டது. முகத்தைப் பொத்திய மாடனின் விரல் இடுக்கெல்லாம் ஆவி. ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தது அய்யாக்குட்டிதான். நாறும்பூநாதன் சீட்டைவிட்டு எழவில்லை. அவர் கண்ணெதிரே முள் நடுவில் நின்றது, அசையாமல்.

ரேடியேட்டர் சுத்தமாகியிருக்க வேண்டிய அந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் மாடனின் தலைமாட்டில் போய் நின்றார். வலது கண் போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

குரலை வைத்தே மாடன் ஆளைக் கண்டுகொண்டான். "மொதலாளி, ஏசுவடியானைச் சும்மா விடாதீய. காசையும் வாங்கிக்கிட்டு ஒங்களை ஏமாத்திட்டானே. பாவம், நீங்களும்தானே அந்த முள்ளை நம்புனீய?"

கண்ணைப் பறிகொடுத்தவன் அவருக்கு ஆறுதல் சொன்னான். அடி வாங்கியதுபோல் நாறும்பூநாதன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் ஏமாத்தலைலே. நான்தான் முள்ளை நடுவுல ஒட்டச் சொன்னேன். நீ மூடியில கை வைக்கும்போது… எனக்குத் தெரியும்."

மாடனுக்கு விசிறிக்கொண்டிருந்த அவன் மனைவி மாடத்தியின் கை நின்றது. "தெரியுமா? தெரிஞ்சா பேசாம இருந்தீய?"

"பின்னால ரூவா எண்ணிக்கிட்டு இருந்தாரு…"

மாடன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மாடத்தி கத்தவில்லை.

"ஆபத்தைக் காட்டுத முள்ளை ஒட்டி வச்சா ஆபத்து நின்னுருமா மொதலாளி? பொய் சொல்லி வாங்குத லாபத்துக்கு எவனோ ஒருத்தன் ஒடம்பால வெலை குடுக்கான். இங்கன குடுத்தது என் புருசன். இதையாவது ஊருல நாலு பேருகிட்டச் சொல்லுங்க."

சொன்னார். அதனால்தான் எனக்கும் தெரியும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். அரக்கைச் சுரண்டி, சிவப்பில் நிற்கும் முள்ளைக் காட்டியே காரை வேறொருவருக்கு விற்ற வகையில் வரவு இரண்டாயிரத்து இருநூறு. அப்படியே மாடத்தி கையில் கொடுத்தது செலவு இரண்டாயிரத்து இருநூறு. கடையின் பழைய தராசை உடைத்துப் புதிது வாங்கியது நாற்பது. ஏசுவடியான் திருப்பிக் கொண்டுவந்து வைத்த ஏழரை, எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல் கிடக்கிறது. பற்று, வலது கண் ஒன்று. வரவு, இல்லை. பாக்கி நிற்கிறது.