கழுவாத கூடு

மூன்றாவது தொகுதிக் குருவிகளும் கஜனிக்குக் கையை விரித்துவிட்டன. ரொறன்ரோ ஆய்வுகூடத்தில் ஒன்றரை வருட உழைப்பு! வெள்ளிக்கிழமை பேராசிரியர் எட்வேட் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று அறிக்கை அனுப்பப் போகிறார். அது போனால், நோர்வேயில் இருக்கும் எண்பத்தாறு வயதுச் சிக்ரிட் ஹோல்மனின் முதல் கண்டுபிடிப்பு பிழை என்று முடிவாகிவிடும்.

சிக்ரிட் லேசுப்பட்ட ஆள் இல்லை. மீன்பிடிகாரரின் மகள். பெண்ணுக்கு அறை தரமாட்டோம் என்று பல்கலைக்கழகம் சொல்ல, வீட்டு விறாந்தையிலேயே குருவி வளர்த்து மூளையை ஆராய்ந்தவர். குளிருக்கு முன்னர் விதைகளை ஒளித்துவைக்கும் குருவிக்கு, அந்த இடங்களை நினைவில் வைக்கவென்றே மூளையில் புதுக் கலங்கள், அதாவது செல்கள், முளைக்கின்றன என்று எழுதினார். வளர்ந்த மூளையில் புதிதாக ஒன்றும் முளைக்காது என்று நம்பியிருந்த பெரிய மனிதர்கள், "இந்தப் பிள்ளைக்கு எண்ணத் தெரியாது" என்று மேடையிலேயே சிரித்தார்கள். பிறகு வேறு ஆய்வுகளுக்காக அவருக்கு மாலை மரியாதை எல்லாம் வந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் போகவில்லை. அவர் செய்ததைத் திரும்பச் செய்துபார்த்த ஒருவருக்கும் புதுக் கலம் கிடைக்கவில்லையே!

அந்தக் கட்டுரையை வாசித்துப் பைத்தியம் பிடித்துத்தான் கஜனி இந்தத் துறைக்கே வந்தாள். சிக்ரிட் பொய் சொல்லியிருக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதை எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அந்தச் செப்டெம்பர் ஞாயிறு மத்தியானம் பிக்கரிங்கில் அம்மா பேபியின் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். அங்கே வேறு பிரளயம். அண்ணன் பெண்சாதி நிலக்சி, அம்மா வேலைக்குப் போன நேரம் பார்த்து, சமையலறையை முழுக்கத் துடைத்து அடுக்கிவிட்டாள்.

"ஒடியல் மா எங்க, மிளகாய்த்தூள் எங்க, ஒண்டும் தெரியேல்ல!" அம்மா குதித்தார். "நான் வச்ச இடம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இப்பிடி எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சால், இனி நான் ஏன் ஞாபகம் வச்சிருப்பான்?"

"கிளீனா இருக்கட்டும் எண்டுதானே மாமி செய்தனான்," என்றாள் நிலக்சி.

கஜனியின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. ஆய்வுகூடத்தில் தினமும் பின்னேரம் கூடு கழுவுவார்கள். சுகாதார விதி அப்படி. குருவிகள் நாள் முழுக்க இடுக்கிலும் பொந்திலும் ஒளித்த விதையெல்லாம் குப்பையோடு போய்விடும். விடிந்தால் நினைவு வைக்க அவற்றுக்கு என்ன இருக்கிறது?

"அம்மா, நீங்கள் கெட்டிக்காரி!" என்று கத்திக்கொண்டு எச்சில் கையோடு எழும்பினாள்.

"சாப்பிட்டிட்டுப் போடி!" என்று அம்மா கத்தியது வாசல்வரை கேட்டது.

இந்த ஒன்றரை வருடமாகத் தொலைபேசியில் பழகியிருந்த சிக்ரிட்டைக் காருக்குள் இருந்தபடியே அழைத்தாள். சுகம்கூட விசாரிக்கவில்லை. "உங்கள் கூடுகளை எத்தனை நாளுக்கு ஒருதரம் கழுவினீர்கள்?"

"கழுவுவதா?" சிக்ரிட் சிரித்தார். "ஒக்டோபரிலேயே விறாந்தையில் தண்ணீர் உறைந்துவிடும். வசந்தம் வரும்வரை நான் கூட்டைத் தொட்டதில்லை." பிறகு அவருடைய குரல் மாறியது. "அதை நான் கட்டுரையில் எழுதவேயில்லை, கஜனி. செய்யாத வேலையை யார் எழுதுவார்கள்?"

கூடு கழுவாமல் விட்டுப் பார்ப்போம் என்று அவள் சொல்ல, எட்வேட் தலையைச் சொறிந்தார். சுகாதாரக் குழு முதலில் முடியாது என்றது. கஜனி அவர்களோடு நாலு நாள் மல்லுக்கட்டி, ஆறு வாரத்துக்கு அனுமதி வாங்கினாள். அறிக்கை மேசையிலேயே கிடந்தது. கூடுகள் நாறின. குருவிகள் ஒளித்தன, தேடின, கண்டுபிடித்தன, பிறகும் ஒளித்தன.

நவம்பரில் ஒரு காலை நுண்காட்டியில் கண்ணை வைத்தவள், அலறிக்கொண்டு நடைபாதைக்கு ஓடினாள். புதுக் கலங்கள் பச்சையாக ஒளிரும்படி சாயம் ஏற்றியிருந்தார்கள். ஒரே பச்சை! எட்வேட் ஓடிவந்து பார்த்துவிட்டு, அவளையும் பிடித்துக்கொண்டு குதித்தார்.

பத்து நிமிடத்தில் திரையில் சிக்ரிட். ஆய்வுகூடமே கஜனியின் முதுகுக்குப் பின்னால் நெருக்கியடித்தது. எட்வேட் தொண்டையைச் செருமினார். "டொக்டர் ஹோல்மன், நாங்கள் எண்ணிப் பார்த்ததில் மொத்தம்..."

சிக்ரிட் கையை உயர்த்தினார். "தொகையைச் சொல்லாதீர்கள். படத்தை மட்டும் காட்டுங்கள்."

கஜனி படத்தைப் பெரிதாக்கினாள். சிக்ரிட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"ஒன்று," என்றார். "இரண்டு. மூன்று."

பதினேழில் கண்ணாடி மங்கிவிட்டது. அதைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினார். ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.