பூசாத செங்கல்

செங்கல் வரிசை படகின் அடிப்பாகம் வரை ஏறிவிட்டது. மேஸ்திரி கரண்டியைச் சாந்துச் சட்டியில் செருகிவிட்டு, இடுப்பில் கை வைத்து முதுகை நிமிர்த்தி, "அக்கா, இனிமே ஆளுங்கள மூடணும். யார முதல்ல மூடட்டும்? நீங்களே சொல்லிடுங்க, அப்புறம் என்மேல பழி போடாதீங்க" என்றார்.

அக்கா என்று அவர் கூப்பிட்டது, அந்த மியூசியத்தின் பெரிய கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவல்காரப் பெண்ணை. கல்யாணமான புதிதில் இந்த வேலைக்கு வந்தவள். வேலை என்ன பெரிய வேலை? காலையில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட வேண்டும், வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், யாராவது படத்தை நோக்கி விரலை நீட்டினால் "தொடாதீங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை நாளெல்லாம் சொல்லிச் சொல்லி அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான். பிறகு டிக்கெட் கொடுப்பவர் பிடித்துக்கொண்டார், கடைசியில் மியூசியத்து இயக்குநர்கூட "நம்ம தொடாதீங்க அக்காவைக் கூப்பிடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. நம்மை ஒருவர் எப்படிக் கூப்பிட்டால் என்ன, கூப்பிடுகிற குரலில் பிரியம் இருந்தால் போதாதா?

சண்டை நெருங்கி வருகிறது என்றதும் மற்ற படங்களையெல்லாம் சுவரிலிருந்து இறக்கினார்கள். கம்பளியில் சுற்றி, பெட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை. இயக்குநரும் அந்த லாரியிலேயே போய்விட்டார். படம் மாட்டியிருந்த இடங்களெல்லாம் வெயில் படாத தோல் மாதிரி வெளுத்துத் தெரிந்தன. பெரிய கூடத்துப் படத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. அது சட்டத்தில் மாட்டிய படம் அல்ல. ரொம்பக் காலத்துக்கு முன்னால் யாரோ சுவரின் காரையிலேயே தீட்டியது. அதை எடுக்க வேண்டுமென்றால் கட்டடத்தையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதனால் அந்தச் சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்புவது என்று முடிவாயிற்று. குண்டு விழுந்து கூரை இறங்கினாலும், சில்லுகள் பறந்து வந்தாலும், புதுச் சுவர் வாங்கிக்கொள்ளும். இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஈரம் தங்காமல் இருக்க மேலேயும் கீழேயும் கம்பிவலை போட்ட துவாரங்கள்.

அந்தப் படத்தில் ஒரு ஆறு. ஆற்றின் நடுவே படகு. படகு நிறைய ஜனம். ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருக்கும் ஒரு தாடிக்காரர், மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் ஒரு பெண், எதற்கோ சண்டை போடும் இரண்டு பேர், அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு குழந்தை. படகின் பின்முனையில் துடுப்புக் கம்போடு நிற்கும் பையன் மட்டும் போகிற கரையைப் பார்க்கவில்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலக் கழுத்தைத் திருப்பி, புறப்பட்ட கரையைப் பார்க்கிறான். புறப்பட்ட கரை படத்தில் கிடையாது. படத்தைப் பார்க்க வருகிறவர்கள் நிற்கிற இடம்தான் அந்தக் கரை.

அக்காவின் மகன் பட்டாளத்துக்குப் போனபோது தெருமுனையில் திரும்பிப் பார்த்தான். கையசைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. கழுத்தை மட்டும் திருப்பினான், பார்த்தான், போய்விட்டான். மறுநாள் வேலைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நிமிர்ந்து பார்த்தால், படகுப் பையன் அதே மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறான். இத்தனை வருஷம் பார்த்த படம்தான். அன்றைக்குத்தான் அவன் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவள் புருஷன் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தெருவோரக் கடையில் சட்டை தைக்கிறவர். இப்போது பட்டாளத்துக்குக் காலர் தைத்துக் கொடுக்கும் வேலைதான் அவருக்கு. வெறும் காலர், மூட்டை மூட்டையாக. "அவனுக்கும் இவனுக்கும் என்னடி சம்பந்தம்? அந்தப் பயலுக்கு மூக்கு வேற, நெத்தி வேற. நீ ரொம்ப நேரம் உக்காந்தே இருக்க, அதான் கண்ணு என்னென்னமோ காட்டுது" என்றார்.

"மூக்க யாரு சொன்னா? பாக்குறத சொல்றேன்."

"பாக்குறதுல என்ன ஜாடை இருக்கு!"

அத்தோடு பேச்சு முடிந்தது. மகன் போன நாளிலிருந்து அவர் மியூசியம் இருக்கும் தெருப் பக்கமே வருவதில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் வாசலில் வந்து நின்று அவளை அழைத்துப் போவார்.

இதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் யாருக்குத்தான் தெரியாது? அதனால்தான் யாரை முதலில் மூடட்டும் என்று கேட்டார்.

"ஆட்டுக்காரர் பக்கத்துல இருந்து வாங்க மேஸ்திரி. அவன கடைசியா வெச்சுக்கலாம்" என்றாள் அக்கா.

ஆட்டுக்காரர் மறைந்தார். சண்டை போட்டவர்கள் மறைந்தார்கள். அக்கா நாற்காலியை ஒவ்வொரு வரிசைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனாள். பையனின் முழங்கால் வரைக்கும் கல் ஏறியபோது மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சட்டிச் சாந்தைக் கிளறியபடியே, "ஆயுசு பூரா அடுத்தவங்கள தொடாதீங்க தொடாதீங்கன்னே சொன்னீங்க. நீங்க தொடுறதுக்குன்னு ஒரு கல்லு வெக்கட்டுமா?" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். சுவர் இரட்டை வரிசை. அவள் கண் உயரத்தில் ஒரு கல்லை மட்டும் குறுக்காகச் செருகி, சுற்றிலும் சாந்து பூசாமல் விட்டுவிடலாம். வெளியே பார்த்தால் மற்ற கல் மாதிரியேதான் இருக்கும். விரல் நுனியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

"டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"நான் சொல்ல மாட்டேன். கல்லுக்கு வாய் கிடையாது. நீங்க உளறாம இருந்தா சரி."

டாக்டரம்மா என்றது, பழைய படங்களில் படிந்த அழுக்கைக் குச்சியில் சுற்றிய பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்கும் பெண்ணை. பஞ்சு டாக்டர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். லாரியில் இடம் கொடுத்தும் போகாமல், இந்தச் சுவருக்காகத் தங்கிவிட்டவள். தேவையில்லாத துவாரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று மேஸ்திரியிடம் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள்.

சுவர் முடிந்தது. பெரிய கூடம் ஒரு கிடங்கு மாதிரி ஆகிவிட்டது. ஜன்னல்களில் மணல்மூட்டை அடுக்கிவிட்டதால் பகலிலும் மங்கல்தான். அக்கா தினமும் வந்து, மூடிய சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மதியம் டிக்கெட்காரர் கண் அசரும் நேரத்தில் எழுந்துபோய்க் கல்லை இழுப்பாள். கன்னத்தோடு ஒட்டிப் பிடித்த சின்ன டார்ச்சை ஏற்றிப் பார்த்தால், இருட்டுக்குள் அந்த முகம் மட்டும். ஆறு இல்லை, படகு இல்லை, கூட வந்தவர்கள் யாரும் இல்லை. அவன் ஒருத்தன்தான். "சாப்பிட்டியாடா?" என்று கேட்பாள். வேறு என்ன கேட்பது? மகனிடமிருந்து கடிதம் வந்துகொண்டிருந்த காலத்தில் அவளும் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். மழை பிடித்தபோது கடிதம் நின்றுபோயிற்று.

மியூசியத்தின் நிலவறையைத் தெருக்காரர்கள் பதுங்குவதற்குத் திறந்து விட்டிருந்தார்கள். அபாயச் சங்கு ஊதினால் ஜனம் ஓடி வந்து படியிறங்கும். ஒருநாள் அபாயம் நீங்கி எல்லாரும் கலைந்த பிறகும் பால்காரப் பெண் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பி எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லையாம். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, கல்லை எடுத்து, "பாரு" என்றாள். பால்காரி வெகுநேரம் பார்த்தாள். "இப்படித்தான்க்கா பாப்பான், திருட்டுப் பய. காசு கேக்க வரும்போது" என்று சொல்லி, சிரிப்பும் அழுகையுமாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எதிர்வீட்டு டீச்சர் வந்தாள். அவளுக்கு அவன் புருஷனாக இருந்தான். ரொட்டிக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு யாரென்று சொல்லாமலே போனார். சங்கு ஊதி அடங்குகிற ஒவ்வொரு பகலிலும் யாராவது இரண்டு பேர் மேலே ஏறி வந்தார்கள். அக்கா அவர்களை வரிசையில் நிற்க வைத்தாள். பழக்கதோஷம், "சுவரைத் தொடாதீங்க" என்றும் சொன்னாள்.

மழை ஓய்ந்த ஒரு நாள் பஞ்சு டாக்டர் ஏணி போட்டு ஏறி, மேலே இருந்த கம்பிவலையைக் கழற்றினாள். கம்பு நுனியில் கண்ணாடியும் விளக்கும் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்தாள். ஒருமுறை பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள். இறங்கி வந்து சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்து, சரியாக அந்தக் கல்லின் முன்னால் நின்றாள். விரல் பட்டுப் பட்டு அதன் விளிம்பு மழமழவென்று ஆகியிருந்தது.

 திட்டுவாள், வேலையை விட்டு அனுப்பிவிடுவாள் என்று அக்கா நினைத்தாள். பஞ்சு டாக்டர் திட்டவில்லை. டார்ச்சை வாங்கி, கல்லை உருவி, "வாங்கக்கா, இங்க பாருங்க. முகத்த பாக்காதீங்க, முகத்துக்கு ஓரத்துல பாருங்க" என்றாள்.

பையனின் தாடையிலிருந்து காது வரைக்கும் மாவு தெளித்ததுபோல ஒரு வெள்ளை. தினமும் பார்த்தவளுக்கு அது தெரியவே இல்லை. கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

"பூசணம். வேற எங்கயும் இல்ல, இங்க மட்டுந்தான். மழைக்காலத்துல அடைச்ச இடத்துல மூச்சுக் காத்து பட்டா இப்படித்தான் வரும்."

"யாரோட மூச்சு?"

பஞ்சு டாக்டர் கல்லைத் திரும்பச் செருகினாள். அக்காவுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். குண்டுக்குத் தப்பிக் கிடந்த பிள்ளையின் முகத்தில் சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று ஊதி ஊதி அவளே கெடுத்திருக்கிறாள்.

"போயிடுமா டாக்டரம்மா?"

"இதோட நின்னா, சண்டை முடிஞ்சப்புறம் நான் எடுத்துடுவேன். இன்னும் பரவுச்சுன்னா தோலோட உரிஞ்சு வந்துடும், அப்புறம் அந்த இடத்துல வெறும் காரைதான். நாளைக்கே பூசிடணும்க்கா. அவன் இருட்டுல இருக்கட்டும். இருட்டு அவன ஒண்ணும் பண்ணாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்?" என்றாள் பஞ்சு டாக்டர். அவளுக்கும் யாரோ இருந்தார்கள் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா விஷயத்தைச் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். கல் இருந்ததையே புருஷனிடம் அதுவரை சொன்னதில்லை. அவர் ஒரு காலரை மடித்துத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அடுத்த காலரை எடுத்தார். "அப்ப நாளையிலேருந்து ஒண்ணும் தெரியாது" என்றார். கேள்வியா, வெறும் பேச்சா என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் மேஸ்திரி சாந்து குழைத்துக்கொண்டிருக்கும்போது கூடத்து வாசலில் நிழல் ஆடியது. கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார் அவள் புருஷன்.

"வாங்க மச்சான், இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா? சுவருக்குச் சட்டை தைக்க அளவெடுக்க வந்தீங்களா?" என்றார் மேஸ்திரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

அவர் சிரிக்கவில்லை. அக்கா கல்லை உருவினாள். டார்ச்சைக் கொடுத்து, "மூச்சு மட்டும் விட்டுடாதீங்க" என்றாள்.

அவர் அவளைவிட உயரம் குறைவு. நுனிக்காலில் நின்று, சுவரில் கை படாமல், சாய்ந்தவாக்கில் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைக் கூடத்தின் பக்கம் திருப்பி மூச்சு விட்டார். மறுபடி இழுத்து அடக்கிக்கொண்டு எம்பினார். இப்படியே சில தடவை. என்ன சொல்லப்போகிறார் என்று அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இவனுக்கு இடது தோள் இறங்கியிருக்கு" என்றார்.

"தோளா? நான் முகத்த மட்டுந்தாங்க பாத்தேன்."

"நம்ம பயலுக்கும் அப்படித்தான். சின்னதுல இருந்தே. ஒவ்வொரு சட்டைக்கும் அந்தப் பக்கம் உள்ளாற ஒரு மடிப்புத் துணி வெச்சுத் தைப்பேன். போட்டா ரெண்டு தோளும் சமமாத் தெரியும். அவனுக்கே தெரியாது." டார்ச்சை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். "அங்க குடுத்த சட்டையில அதெல்லாம் யாரு வெச்சிருப்பா?"

அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்கும் பார்க்க வேண்டும்போல இருந்தது. இத்தனை நாள் பார்த்தும் பார்க்காமல் விட்ட அந்தத் தோளை ஒரே ஒரு தடவை. ஆனால் அவரை நகரச் சொல்ல வாய் வரவில்லை.

சட்டியில் சாந்து இறுக ஆரம்பித்திருந்தது. மேஸ்திரி குவளையில் தண்ணீர் மொண்டு அதன்மேல் தெளித்து, கரண்டியால் சத்தமில்லாமல் மறுபடியும் புரட்டத் தொடங்கினார். அக்காவின் புருஷன் முகத்தைத் திருப்பி மூச்சு விட்டார். நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு, இன்னொரு முறை எம்பினார்.