பிக்கப்பின் உதறல்

கியர் ஆயிலை முகர்ந்து பார்த்தே மெக்கானிக் தம்பி கியர் பெட்டியின் சீக்கைச் சொல்லிவிடுவான். கருகல் வாடை அடித்தால் செலவு, அடிக்காவிட்டால் பிழைத்தது. கடைவீதியில் அவனை மூக்கன் என்றால்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட மூக்கும் அண்ணனின் பிக்கப் வண்டி விஷயத்தில் கைவிரித்துவிட்டது. ஆயில் சுத்தமாக இருந்தது, அளவும் சரியாக இருந்தது.

ஆனாலும் வண்டி உதறியது, அதுவும் அண்ணன் ஓட்டும்போது மட்டும். வேகமெடுத்து மேல் கியருக்குப் போகும், ஒரு குலுக்குக் குலுக்கிக் கீழே இறங்கும், மறுபடி ஏறும். தம்பி ஓட்டினாலோ சமர்த்துப் பிள்ளையாகப் போகும்.

"உன்னைக் கண்டா அதுக்குப் பயம் போல," என்றார் அண்ணன். "ஒழுங்காப் பாருடா. வித்துத் தொலைங்கன்னு உங்க அண்ணி ஒத்தைக்கால்ல நிக்கறா. இது போச்சுன்னா நான் வீட்டு மூலையில உக்கார வேண்டியதுதான்."

அது வெறும் பேச்சில்லை. அண்ணன், அண்ணி இருவருக்கும் பிழைப்பு செடிப் பண்ணை. அண்ணி வளர்ப்பார், அண்ணன் ஏற்றிக்கொண்டுபோய் வாசல் வாசலாக இறக்குவார். பழைய வண்டியில் கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துப்போகிறது என்றுதான் கிளட்ச் இல்லாத இந்த ஆட்டோமேட்டிக்கை வாங்கினார். உடம்பில் சர்க்கரை இருக்கிறது, காலை டாக்டரிடம் காட்டுங்கள் என்று அண்ணி தலைபாடாய் அடித்துக்கொண்டார். அண்ணன் காலைக் காட்டவில்லை, வண்டியை மாற்றினார். புத்தி போகிற போக்கைப் பாருங்கள்!

தம்பி வண்டியின் கோளாறைத் திரையில் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். அண்ணன் ஓட்டினார். நேர்சாலை, முன்னால் ஒரு வண்டி இல்லை. வண்டி உதறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, பிரேக் மிதிபடுகிறது என்று திரை சொன்னது. பிரேக் சுவிட்ச்தான் கெட்டிருக்க வேண்டும் என்று தம்பிக்கு ஒரே சந்தோஷம். அது சின்ன வேலை. எதற்கும் பார்ப்போமே என்று குனிந்தான்.

அண்ணனின் இடது கால் பிரேக் பெடலின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரு கால் போ என்கிறது, இன்னொரு கால் நில் என்கிறது. கியர் பெட்டி பாவம், எந்தக் காலின் பேச்சைக் கேட்கும்?

"அண்ணே, ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"இடது கால் இப்ப எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? கீழதான் இருக்கு."

"குனிஞ்சு பாருங்க."

அண்ணன் பார்த்தார். யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையால் பிடித்துத்தான் அந்தக் காலை இறக்கி வைத்தார்.

"அடச்சே! இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ பெட்டி நல்லாத்தான் இருக்கு. முதல்ல உங்க அண்ணிகிட்டப் போய்ச் சொல்லு."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியே போயிருக்கக் கூடாதா என்று நினைத்தான். பெட்டியைக் கழற்றி வேறொன்று மாட்டியிருப்பான்.

"ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? இதை மடக்கி ஓரமா வெச்சுக்கிட்டாப் போச்சு. இந்த வண்டிக்கு வலது கால் ஒண்ணு போதும். அதுக்குத்தானே வாங்கினேன்!"

தம்பி இறங்கினான். சுற்றி வந்து அண்ணன் பக்கத்துக் கதவைத் திறந்தான். சாலையோர மண்ணில் மண்டியிட்டு, அண்ணனின் வலது கால் செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

"கண்ணை மூடுங்கண்ணே. நான் அழுத்தறப்போ சொல்லுங்க."

"கண்ணாமூச்சி ஆடற வயசாடா நமக்கு?" என்றாலும் மூடிக்கொண்டார்.

துருப்பிடித்த போல்ட்டையும் திருப்பிவிடுகிற கை அது. கட்டைவிரலை முதலில் மெல்லத்தான் அழுத்தினான். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. இன்னும் அழுத்தினான். விரல் நகம் வெளுத்துப்போகும்வரை அழுத்தினான்.

அண்ணன் கண்ணை மூடியபடியே பொறுமையிழந்து சொன்னார்:

"என்னடா யோசிச்சுக்கிட்டே இருக்க? சட்டுன்னு அழுத்து."