இறங்கி வந்தது யார்?

கணேசமூர்த்திக்கு முனியாண்டி இறங்கும் என்பது செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பெம்பான் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை தோட்டத்துக் கோயில் பூஜையில் இறங்கும். மற்ற நாட்களில் வீட்டில் இறங்கும். குழம்பில் உப்பு கூடினால் இறங்கும், அவன் ஓட்டும் செம்பனைக்குலை லாரி பழுதானால் இறங்கும், பீர் தீர்ந்துபோனாலும் இறங்கும். முனியாண்டிக்கு வேறு வேலையே இல்லை போலும்.

இறங்கினால் அடி அவன் மனைவி ராகினிக்கு. ஒருமுறை சுவரில் மோதிய வேகத்தில் பல் தெறித்து விழுந்தது. கோயில் தலைவர் தம்புசாமி வந்து பார்த்தார். "சாமி சுத்தம் பாக்கும்மா. வீட்டுல ஏதாச்சும் தீட்டு இருந்திருக்கும்," என்று ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ராகினியும் ரத்தத்தைத் துப்பிவிட்டு, புருஷன் காலடியில் சூடம் ஏற்றி மன்னிப்புக் கேட்டாள். அப்போது அடிவயிறு நடுங்கியது. அதைப் பக்தி என்றே அவள் நினைத்திருந்தாள்.

போன வாரம் அடி மகளுக்கு மாறியது. பதினைந்து வயது திவ்யதர்ஷினியின் முதுகில் பெல்ட் அடி வரிவரியாகத் தடித்திருந்தது. மருந்து தடவும்போது அவள் கேட்டாள்.

"சாமிக்கு எதுக்கும்மா என் போன் பாஸ்வேர்டு?"

ராகினி அவள் வாயிலேயே ஒன்று வைத்தாள். சாமி குத்தம் ஆகிவிடக் கூடாதே.

பூஜையன்று உச்சி வெயிலில் உறுமி முழங்கியது. கணேசமூர்த்தி வாயில் சுருட்டோடு அரிவாள்மேல் ஏறி நின்றான். கையில் சாட்டை. ஜனங்கள் வரிசையாக வந்து இரண்டு கைகளையும் நீட்டி, மணிக்கட்டில் ஓர் அடி வாங்கித் திருநீறு பூசிக்கொண்டு போனார்கள். அந்த அடி பட்டால் பிடித்த பீடை விலகும் என்பது நம்பிக்கை. திவ்யா மட்டும் பின்னாலேயே நின்றாள்.

"அந்தப் பொண்ண கொண்டா," என்றது சாமி.

தம்புசாமி அவள் கையைப் பிடித்து இழுத்தார். "வா லா, பொண்ணு. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்."

முதல் அடி மணிக்கட்டில். இரண்டாவது கழுத்தில். திவ்யா திரும்பி ஓடப் பார்த்தாள். மூன்றாவது அடி முதுகில், போன வாரத் தடிப்பின்மேலேயே விழுந்தது. சட்டையில் ரத்தம் ஊறியது. "சாமிக்குக் கோவம்," என்று யாரோ சொல்ல, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ராகினியின் அடிவயிறு நடுங்கியது. சாயங்காலம் வாசலில் அவன் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டாலும் இதே நடுக்கம்தான். லாரிக்கு யாராவது பக்தி வைப்பார்களா? இது பயம். வெறும் பயம். இத்தனை வருஷமாகத் தன் பயத்துக்குத்தான் அவள் சூடம் காட்டியிருக்கிறாள். பேர் தெரிந்ததும் அதன் அடியிலிருந்து வேறொன்று கொதித்துக்கொண்டு மேலே வந்தது.

சாட்டை மறுபடி ஓங்கியபோது அதன் நுனியைப் பிடித்து இழுத்தாள். அவன் அரிவாளிலிருந்து சறுக்கினான். பாதம் கிழிந்தது. விழுந்தவன் முகத்தில் சாட்டையை வீசினாள். உதடு பிளந்தது. தோளில் அடித்தாள், மறைத்த கையில் அடித்தாள், மறுபடி முகத்திலேயே அடித்தாள்.

"ராகினி, வேணாம்டி," என்று கதறினான். சாமியின் குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஆத்தா இறங்கிட்டா," என்றது கூட்டம். வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் ஓடி வந்தன. தம்புசாமி முழங்காலிட்டுச் சூடம் காட்டினார். "தாயே, கோவம் தணியணும். என்ன வேணும், கேளு."

எல்லாரையும்விட அவசரமாகக் கும்பிட்டவன் கணேசமூர்த்திதான். பெண்டாட்டி அடித்தால் மானம் போகும். ஆத்தா அடித்தால் பாக்கியம் அல்லவா.

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். அவளுக்கும் வசதிதான். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவனுக்குச் சோறு போடலாம். அடுத்த வாரம் முனியாண்டி மறுபடி இறங்கலாம்.

ராகினி வேப்பிலையைத் தள்ளிவிட்டாள்.

"ஆத்தா இல்ல. நான்தான். கோவம் எனக்குத்தான் வந்துச்சு. இவருக்கும் என்னைக்குமே சாமி வந்ததில்ல. அடிச்சது எல்லாம் இவருதான்."

உறுமி நின்றுபோனது. சூடம் தம்புசாமியின் தட்டில் தானாக எரிந்து அணைந்தது.

கோயில் வாசலில் நின்ற தங்கள் காரில் மகளை ஏற்றிக்கொண்டாள். சாவியைத் திருப்பினாள். பல் தெறித்தபோதுகூட அழாதவள் இப்போது அழுதாள். துடைத்துக்கொள்ளவில்லை.

"பயமா இருக்காம்மா?"

"இருக்கு. கோவமும் இன்னும் போகல. இருந்துட்டுப் போவட்டும்." மகளின் உதட்டைத் தொட்டாள். "அன்னைக்கு இங்க அடிச்சதும் நான்தான். சாமிக்காக இல்ல, பயந்துகிட்டு அடிச்சேன்."

திவ்யா அந்தக் கையை விடவில்லை. கார் செம்பனை மரங்களைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்ததும் கேட்டாள்.

"எங்கம்மா போறோம்?"

"ஜாசின் போலீஸ் ஸ்டேஷனுக்கு."

"நீங்க அப்பாவ அடிச்சத கேப்பாங்களே."

"கேக்கட்டும். மொதல்ல அதைத்தான் சொல்லப் போறேன்."